அறிக்கையில் அச்சாகாத குறியீடுகள்

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையின் முடிவு இப்போதெல்லாம் எங்கள் மேசைக்கு வருமுன்பே குடும்பத்தாரின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதில் ‘ஹை ரிஸ்க்’ என்ற இரண்டு சொற்கள் இருந்தால், அவற்றை இணையத்தில் தேடி, இத்தனை விழுக்காட்டினர் இத்தனை ஆண்டுகள் வாழ்கின்றனர் என்ற ஓர் எண்ணையும் கண்டுபிடித்த பிறகே அவர்கள் எங்கள் அறைக்குள் வருகின்றனர். சிலர் வருவதே இல்லை. ‘எப்படியும் தேறப்போவதில்லை, கடன் வாங்கி என்ன பயன்’ என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிடுகின்றனர். அந்த எண்ணைப் பற்றித்தான் இவ்விதழில் எழுதுகிறோம். அது யாரைக் கணக்கெடுத்ததால் கிடைத்தது, எந்த ஊரில் கிடைத்தது, எவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என்பவற்றை அறியாமல் அதன்மீது ஓர் உயிரின் முடிவை ஏற்றுவது முறையன்று என்பது எங்கள் கருத்து.

நோயின் போக்கை முன்கூட்டியே சுட்டும் அடையாளங்களை முன்கணிப்புக் குறியீடுகள் என்கிறோம். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவை எடுத்துக்கொண்டால், நோயாளியின் வயது, நோய் கண்டறியப்பட்ட நாளில் இருந்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை, நோயணுக்கள் ‘பி’ வகையா ‘டி’ வகையா என்பது, குரோமோசோம்களில் நேர்ந்துள்ள மாற்றம் ஆகியவை முதன்மையானவை. சிகிச்சையின் முதல் கட்டம் முடிந்ததும் மஜ்ஜையில் எஞ்சியிருக்கும் நோயணுக்களின் அளவையும் இப்போது பார்க்கிறோம். பத்தாயிரம் அணுக்களுக்கு ஒரு நோயணு இருந்தாலும் இப்பரிசோதனை காட்டிக்கொடுக்கும். ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மணிகள் இருக்கும் என்று கொண்டால், அதில் கிடக்கும் ஐந்து கற்களைப் பொறுக்கியெடுப்பதற்கு ஒப்பானது இது. யாருக்கு மருந்தின் வலிமையைக் கூட்ட வேண்டும், யாருக்குக் குறைத்தாலும் போதும் என்று தீர்மானிக்கவே இக்குறியீடுகள் உருவாயின. ‘ஹை ரிஸ்க்’ என்பதற்கு எங்கள் அகராதியில் ‘கூடுதல் சிகிச்சை தேவை’ என்பதே பொருள். அதே சொல்லை வீட்டார் ‘சிகிச்சை வீண்’ என்று படிக்கின்றனர். இந்த இடைவெளிக்கு அவர்களை மட்டும் பொறுப்பாக்க முடியாது. விளக்கமின்றி அறிக்கையை அனுப்பும் ஏற்பாடும் ஒரு காரணம்.

இக்குறியீடுகளுள் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து பிறந்தவை. அவை நம்மவர்க்கு எந்த அளவுக்குப் பொருந்தும்? இக்கேள்விக்கு நமது சென்னையிலிருந்தே ஒரு விடை உண்டு. அதை நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் 1984 முதல் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. எம்.சி.பி.841 என்பது அதன் பெயர். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் இயன் மக்ராத் அதற்குத் துணைநின்றார். அடையாற்றில் அப்பணியை நடத்தியவர் டாக்டர் சாந்தா. 1970-களில் இந்நோய் கண்ட நம் நாட்டுக் குழந்தைகளிலும் இளையோரிலும் நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர், சிறந்த மையங்களில்கூட, நூற்றுக்கு இருபது பேருக்கும் குறைவு. இந்த முறை வந்த பிறகு அந்த எண்ணிக்கை 45 முதல் 60 வரை உயர்ந்தது. புதிதாக மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்பட்டதால் வந்த உயர்வன்று இது. ஏற்கெனவே இருந்த மருந்துகளை ஒழுங்கான வரிசையில், ஒரே திட்டப்படி கொடுத்ததும், தொற்றுக் கட்டுப்பாடு, இரத்தம் ஏற்றுதல் போன்ற துணைச் சிகிச்சைகளை மேம்படுத்தியதுமே காரணம்.

நாம் இங்கு குறிப்பாகச் சொல்லவந்தது அதன் பிந்திய பகுதி. 1990 முதல் 1997 வரை அம்மூன்று மையங்களிலும் சிகிச்சை பெற்ற 1,048 பேரின் விவரங்கள் 2005-ஆம் ஆண்டு வெளியாயின. மூன்று மையங்களுக்கும் பொதுவான முன்கணிப்புக் குறியீடு ஒன்றைக்கூட ஆய்வாளர்களால் காண முடியவில்லை. மேலைநாட்டு ஆய்வுகளில் வயது மிக வலுவான குறியீடு. இங்கோ மூன்று மையங்களில் ஒன்றிலும் வயது அப்படித் தென்படவில்லை. வெள்ளணு எண்ணிக்கை மட்டுமே இரண்டு மையங்களில் தெளிவான குறியீடாக நின்றது. ‘டி’ வகை லுகேமியா மேலைநாடுகளைவிட இங்கு மிகுதி, சென்னையில் இன்னும் மிகுதி. நல்ல விளைவைச் சுட்டும் ஒரு குறிப்பிட்ட மரபணு இணைவு இங்குக் குறைவாகவே காணப்பட்டது. நோயாளிகள் மருத்துவமனையை அடையும்போதே கணுக்களும் கல்லீரலும் மண்ணீரலும் பெருத்து, நோய் முற்றிய நிலையில் இருந்தனர். சிகிச்சையின் போதே உயிரிழந்தோரின் விகிதமும் கூடுதல்.

இதிலிருந்து வயது ஒரு பொருட்டே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்றைய இந்தியச் சிகிச்சைத் திட்டங்களும் வயதைக் கணக்கில் கொள்கின்றன. எங்கள் வாதம் வேறு. ஒரு நாட்டில் குறியீடாக இருப்பது மற்றொரு நாட்டில் மங்கிப்போவது ஏன்? தாமதமும் தொற்றும் பலரைப் பறித்துக்கொள்ளும் இடத்தில், மரபணுக்கள் தம் வேற்றுமையைக் காட்டுவதற்கே வாய்ப்பு கிடைப்பதில்லை. எனவே நம் நோயாளியின் அறிக்கையில் அச்சாகாத குறியீடுகள் சில உண்டு என்று கொள்கிறோம். முதல் அறிகுறிக்கும் முதல் இரத்தப் பரிசோதனைக்கும் இடையே கழிந்த நாட்கள் அவற்றுள் ஒன்று. காய்ச்சல் வந்ததற்கும் மருத்துவமனைக்கு வந்ததற்கும் இடையே கழிந்த மணிநேரம் இன்னொன்று. மூன்றாவது, தவறிய மாத்திரைகளின் எண்ணிக்கை. குரோமோசோமை எவராலும் மாற்ற முடியாது. இம்மூன்றையும் மாற்றலாம்.

முதலாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் புழல், மாதவரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து வருவோரிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது இதுவே. வெளிறிய முகமும் களைப்பும் ‘சத்துக் குறைவு’ என்று டானிக்கில் கழிகின்றன. விட்டு விட்டு வரும் காய்ச்சல் டைபாய்டு என்று இரண்டு மூன்று சுற்று மருந்து காண்கிறது. கழுத்துக் கட்டியைத் திசுப் பரிசோதனை செய்யாமலே காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் உண்டு. காசநோய் நம்மிடையே மிகுதி என்பதால் அந்த ஐயம் நியாயமானதே. எனினும் ஊசி வைத்தோ, கணுவை எடுத்தோ பார்க்காமல் அந்த ஐயத்தை உறுதியாக்கிக்கொள்வது நியாயமன்று. இவை எல்லாவற்றையும்விடத் தீங்கானது, உடல்வலிக்கு என்று போடப்படும் ஸ்டீராய்டு ஊசி. லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவுக்கு ஸ்டீராய்டு ஒரு மருந்தும்கூட. அதனால் ஓரிரு ஊசிகளிலேயே காய்ச்சல் தணியும், வீக்கம் வற்றும், குழந்தை எழுந்து விளையாடும். சில வாரங்களில் நோய் திரும்பும்போது அது மருந்துக்கு அரைகுறையாகப் பழகியிருக்கும். இடையில் எடுத்த பரிசோதனைகளும் தெளிவற்றுப் போயிருக்கும். காரணம் தெரியாத காய்ச்சலும் வெளிறலும் இரண்டு வாரம் நீடித்தால், அல்லது தோலில் சிவப்புப் புள்ளிகளோ ஈறில் இரத்தமோ தென்பட்டால், முழு இரத்த அணுக்களின் எண்ணிக்கைப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். முடிந்தால் அந்த இரத்தத்தை ஒருவர் நுண்ணோக்கியில் பார்க்கும்படியும் கேளுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

இந்த எளிய பரிசோதனையின் ஆற்றலுக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆய்வு நல்ல சான்று. புரோமைலோசைட்டிக் லுகேமியா என்னும் கொடிய வகை ஒன்றுண்டு. தொடக்க நாட்களிலேயே மூளையிலோ நுரையீரலிலோ இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிர் பறிக்கக்கூடியது அது. 1998 முதல் 2004 வரை வேலூரில் இந்நோய் கண்ட 72 பேருக்கு, அக்காலத்தில் பிற நாடுகளில் கொடுத்துவந்த விலைமிக்க கூட்டு மருந்துகளுக்கு மாறாக, ஆர்செனிக் டிரையாக்சைடு என்ற ஒரே மருந்தை அடிப்படையாகக் கொண்டு சிகிச்சை அளித்தனர். ஆர்செனிக் என்பது நம் பாட்டிமார் பாஷாணம் என்று அஞ்சிய பொருள்தான். சீன மருத்துவர்கள் அதை இந்நோய்க்கு முன்பே பயன்படுத்தியிருந்தனர். வேலூரில் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ அதே விகிதத்தினர் உயிருடன் இருந்தனர். 2006-ஆம் ஆண்டு வெளியான அந்த அறிக்கையில் எங்களை மிகவும் ஈர்த்தது வேறொன்று. சேர்க்கப்பட்ட நாளில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 5,000-க்குக் கீழும் தட்டணுக்கள் 20,000-க்கு மேலும் இருந்தவர்கள் 22 பேர். ஆய்வுக் காலம் முழுவதிலும் அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை, ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. இது மரபணுக் கூடத்தில் பிறந்த குறியீடன்று. எந்தச் சிறு ஆய்வுக்கூடத்திலும் கிடைக்கும் இரண்டு எண்கள்தாம்.

காய்ச்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம், வார்டில் செவிலியர் நாள்தோறும் சொல்வதுதான். கீமோதெரபி நடக்கும் காலத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். வந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் நரம்புவழி ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதே எங்கள் இலக்கு. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு ‘விடியட்டும்’ என்று காத்திருப்பது வேண்டாம். வாசலில் எங்கள் சிகிச்சை அட்டையைக் காட்டினால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவதான மாத்திரைக்கு வருவோம். மைலாய்டு லுகேமியாவின் நாட்பட்ட வகையில், ‘பிலடெல்பியா குரோமோசோம்’ என்ற மாற்றம் 1960-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. நாற்பது ஆண்டுகள் அது வெறும் அடையாளமாகவே இருந்தது. அந்த மாற்றம் உண்டாக்கும் புரதத்தையே முடக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-இல் ஒப்புதல் பெற்றது. நோயின் அடையாளமே மருந்தின் இலக்காக மாறிய பெரிய நிகழ்ச்சி அது. அம்மாத்திரை நம் நாட்டு ஏழைக்கும் எட்டியதில் சென்னைக்கும் பங்குண்டு. அதன் காப்புரிமை விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் 2006-இல் மறுக்கப்பட்டது. 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. இறுதியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுப்பை உறுதி செய்தது. மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலை சொல்லப்பட்ட மருந்துக்கு, இந்திய நிறுவனங்களின் மாத்திரை அப்போதே பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. இன்று இன்னும் குறைவு.

அப்படிப் போராடிக் கிடைத்த மாத்திரை தலையணைக்கு அடியில் கிடப்பதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையினர் மாத்திரைப் புட்டியின் மூடியில் மின்னணுச் சில்லு ஒன்றைப் பொருத்தி, எந்தெந்த நாளில் புட்டி திறக்கப்பட்டது என்று கணக்கெடுத்து 2010-இல் வெளியிட்டனர். பத்தில் ஒன்பதுக்கும் கூடுதலான மாத்திரைகளை உட்கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே நோயடக்கத்தில் மிகப் பெரிய வேறுபாடு இருந்தது. பத்தில் ஒன்று என்றால் மாதத்துக்கு மூன்று மாத்திரை. துறைமுகத்தில் இரவு முறை வேலைக்குப் போகிறவருக்கும், லாரியில் விசாகப்பட்டினம் வரை போய் வருகிறவருக்கும் மூன்று நாள் தவறுவது பெரிய செய்தியே அல்ல. வயிற்றுப் பிரட்டல், முகவீக்கம், தசைப்பிடிப்பு என்று அவர்கள் சொல்லும் காரணங்களும் உண்மையானவை. அவற்றைச் சரிசெய்ய வழியுண்டு, வேறு மாத்திரைகளும் உண்டு. எங்களிடம் மறைத்துவிட்டு நிறுத்தினால் மட்டும், அடுத்த பரிசோதனையில் எண் ஏறியிருக்கும்போது நோய் மருந்தை மீறிவிட்டதா, மருந்தே உள்ளே போகவில்லையா என்று எங்களுக்குப் புரியாமல் போய்விடுகிறது. ஒரு குறியீட்டை வைத்து விலைமிக்க இன்னொரு மருந்துக்கு மாறும் முன், இதை நாங்கள் கேட்டே ஆக வேண்டும். திட்டுவார்கள் என்று அஞ்ச வேண்டாம்.

மருந்தின் அளவிலும் நம் உடலுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவின் பராமரிப்புச் சிகிச்சையில் இரண்டாண்டுக் காலம் தரப்படும் மெர்காப்டோபியூரின் மாத்திரை சிலருக்கு வெள்ளணுக்களை மிகவும் தாழ்த்திவிடும். ஐரோப்பியரிடம் இதற்கு டி.பி.எம்.டி. என்ற மரபணுவின் மாற்றமே பெரும்பாலும் காரணம். ஆசியரிடம், நம்மையும் சேர்த்து, என்.யு.டி.டி.15 என்ற வேறொரு மரபணு முதன்மை பெறுகிறது. இது தெரியவந்தது 2014-க்குப் பிறகுதான். நம்மவர் இரத்தத்தை ஆராய்ந்திராவிட்டால், ‘இந்தப் பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதோடு நிறுத்தியிருப்போம்.

எனவேதான் ஆய்வில் பங்கேற்கச் சொல்லும்போது ‘எங்களைச் சோதனை எலியாக்குகிறீர்களா’ என்று கேட்போரிடம் சற்று நேரம் செலவிட்டுப் பேசுகிறோம். கேள்வி தவறன்று. மருந்து ஆய்வு எதுவும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி நடக்கக் கூடாது. 2009 முதல் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் விதிகள் ஆய்வால் நேரும் பாதிப்புக்கு மருத்துவமும் இழப்பீடும் தரச் சொல்கின்றன. படிவம் தமிழில் இருக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க அவகாசம் இருக்க வேண்டும், மறுத்தால் வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கையொப்பம் இட வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பது உங்கள் உரிமை. ஆனால் எம்.சி.பி.841-உம் வேலூரின் ஆர்செனிக் சிகிச்சையும் முன்பின் தெரியாத நோயாளிகள் பலர் தம் விவரங்களைத் தந்ததால் நமக்குக் கிடைத்தவை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நோயாளியின் டி அணுக்களையே எடுத்து, மாற்றியமைத்து, நோயணுக்களைத் தாக்க அனுப்பும் கார்-டி சிகிச்சையைப் பற்றி நாள்தோறும் கேட்கின்றனர். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய இந்தியக் கார்-டிக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. மகிழ்ச்சிக்குரியது. வெளிநாட்டு விலையில் அது ஒரு சிறு பங்கே எனினும், இன்னும் பல லட்சம். பிற சிகிச்சைகளுக்கு அடங்காத குறிப்பிட்ட சில ‘பி’ வகை நோய்களுக்கே அது உரியது. நாளிதழில் படித்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் நல்ல சிகிச்சையை நிறுத்தி வைத்து அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்பகுதி வாசகர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி: ‘ஆலைப் புகையால் வந்ததா?’ பென்சீன் என்ற வேதிப்பொருள் மைலாய்டு லுகேமியாவை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அதை நிறுவியவை, ஆலைகளுக்குள் நெடுங்காலம் அதைச் சுவாசித்த தொழிலாளரைப் பற்றிய ஆய்வுகள். ஒரு தனி நோயாளியைப் பார்த்து ‘உமக்கு இதனால்தான் வந்தது’ என்று எந்தக் குறியீட்டைக் கொண்டும் சொல்ல இயலாது. ஒரு பகுதி மக்களைப் பற்றிச் சொல்லலாம், அதற்கு முகவரியும் தொழில் விவரமும் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். சென்னையின் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாற்றில் பேணப்பட்டுவருகிறது. எங்கள் பதிவாளர் ‘என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை ஆண்டு, எந்தப் பிரிவில்’ என்று கேட்கும்போது ‘கூலி வேலை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். பெயின்ட் அடித்தீர்களா, டேங்கர் கழுவினீர்களா, பெட்ரோல் நிரப்பினீர்களா என்று விவரமாகச் சொல்லுங்கள். காப்பீட்டுத் தொகைக்கும் அந்த விடைக்கும் தொடர்பில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சமும் வேண்டாம், அது உங்கள் கோப்பை விட்டு வெளியே போகாது.

நோய் அடங்கி, சிகிச்சை முடிந்து, நலமாக இருப்போரிடம் ஒரு வேண்டுகோள். இவர்களுள் பலர் மூன்றாம் ஆண்டுக்குப் பின் வருவதில்லை. சொந்த ஊருக்குப் போய்விடுகின்றனர், சிம் கார்டை மாற்றிவிடுகின்றனர், காவாங்கரை முகாமிலிருந்து வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்கின்றனர். அவர்கள் ஐந்து ஆண்டு கடந்து நலமாக வாழ்கின்றனரா என்பது எங்களுக்குத் தெரியாமல் போகிறது. ஆய்வுக் கணக்கில் அவர்கள் ‘தொடர்பு அறுந்தோர்’ என்ற கட்டத்துக்குள் போய்விடுகின்றனர். அடுத்த குடும்பம் கைப்பேசியில் தேடிக் காணும் எண்ணில் அவர்களின் முழுக் கதை சேர்வதில்லை. இரத்தவியல் புறநோயாளர் பிரிவில், மருந்தகத்துக்கு எதிர்ப்புறமுள்ள மேசையில், புதிய கைப்பேசி எண்ணையும் உறவினர் ஒருவரின் எண்ணையும் எழுதிவைக்க ஒரு பேரேடு வைத்திருக்கிறோம். நேரில் வர இயலாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் தெரிவித்தாலும் போதும்.